ஒரு சிட்டிகை மஞ்சள்தூள்: நிறம் வேறு, மணம் வேறு

பெருங்குடியில் அறை எடுத்துத் தங்கி, ஆறு மாதமாகத் தானே சமைத்துச் சாப்பிடும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாகிட்ட எந்தக் குழம்புக்குப் பக்குவம் கேட்டாலும் 'ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போடுடா'ன்னு வருது. எதுக்குன்னு கேட்டா 'போடணும், அவ்ளோதான்'. போடாம விட்டா என்ன ஆகும்? நான் போட்டா சாம்பார்ல மருந்து வாடை அடிக்குது, பொரியல் கசக்குது. பாக்கெட் தூள் வாங்கறதா, கிழங்கு வாங்கி அரைக்கறதா? சளிக்கு மிளகு போட்ட மஞ்சள் பால் நெஜமாவே கேக்குமா?"

திருவல்லிக்கேணியில் 22 வருஷம் மெஸ் நடத்தியவன் நான். மேன்சன் பையன்கள், கோர்ட்டு குமாஸ்தாக்கள், கிரிக்கெட் நடக்கும் நாளில் சேப்பாக்கம் கூட்டம் என்று எல்லோருக்கும் சோறு போட்ட கை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் உண்டு: போடாவிட்டால் குடி முழுகிப் போகாது. உணவு கெட்டுப்போகாது, பருப்பு வேகாமல் நிற்காது. மஞ்சள் போட்டால் பருப்பு சீக்கிரம் வேகும் என்று சொல்பவர்கள் உண்டு. தினம் நாலு கிலோ பருப்பு வேகவைத்தும் நான் அந்த வித்தியாசத்தைப் பார்த்ததில்லை. பருப்பு வேகாததற்குக் காரணம் பழைய பருப்பு, இல்லையென்றால் போர்வெல் தண்ணீர். ஆனால் ஒரு நாள் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே பருப்பை இரண்டு சிறிய பாத்திரங்களில் வையுங்கள். ஒன்றில் கால் டீஸ்பூனுக்கும் குறைவாக மஞ்சள்தூள், நாலு சொட்டு நல்லெண்ணெய். மற்றதில் ஒன்றும் வேண்டாம். இரண்டையும் குழையவைத்து, உப்பு மட்டும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு வாய் சாப்பிடுங்கள். மஞ்சள் போடாத பருப்பில் ஒரு மாவு வாடை, பச்சைப் பயறு ஊறினதுபோல ஒரு நெடி, லேசாகத் தெரியும். மஞ்சள் போட்டதில் அது அடங்கியிருக்கும். ஆனால் 'இதில் மஞ்சள் இருக்கிறது' என்று நாக்கு சொல்லாது. அம்மா சொல்லும் சிட்டிகையின் வேலை அதுதான். தன் வாடையைக் காட்டாமல் இன்னொன்றின் வாடையை அடக்குவது. மஞ்சள் வாசனை தனியாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

நம்மில் பலர் மஞ்சள்தூளை நிறத்துக்காகப் போடுகிறோம். சாம்பார் வெளிறித் தெரிந்தால் இன்னொரு ஸ்பூன். அங்கேதான் தப்பு நடக்கிறது. மஞ்சளில் நிறம் தருவது ஒன்று, மணம் தருவது வேறொன்று. நிறம் தருவது குர்குமின். நல்ல ஈரோட்டு மஞ்சளில் அது 2.5 முதல் 4.5 சதவீதம்வரை இருக்கும். சுத்தமான குர்குமினுக்குச் சொல்லும்படியான வாசனை கிடையாது. நாம் மஞ்சள் வாசனை என்று சொல்கிறோமே, மண்ணும் இஞ்சியும் கலந்தது போன்ற அந்த நெடி, கிழங்கில் இருக்கும் எண்ணெயிலிருந்து வருகிறது. அதில் முக்கியமானவை டர்மரோன் வகைச் சேர்மங்கள். இந்த எண்ணெய் காற்றோடு போகும். குர்குமின் அப்படிப் போகாது. அதனால்தான் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வாங்கி, பாதி தீர்ந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்த பாக்கெட்டில் நிறம் இருக்கும், மணம் இருக்காது. மணம் வரவில்லையே என்று கூடக் கொட்டுவோம். மணம் வராது, நிறமும் கசப்பும் ஏறும். உங்கள் பொரியல் கசப்புக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம், நீங்கள் சிட்டிகை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது. அம்மாவுடைய சிட்டிகை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கும் அளவு. ஒரு டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு வந்தால் அதிகம். நீங்கள் அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் குட்டி ஸ்பூனைக் குவித்து எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது சிட்டிகை இல்லை, நாலு சிட்டிகை. மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடியிலும் குழம்பு மிளகாய்த்தூளிலும் ஏற்கெனவே மஞ்சள் அரைத்துச் சேர்த்திருக்கும். பருப்பு வேகும்போது ஒரு தரம், காயோடு ஒரு தரம், பொடி வழியாக ஒரு தரம் என்று மூன்று கை விழுந்தால் சாம்பார் மருந்துக் கஷாயம் ஆகாமல் என்ன செய்யும்? பருப்பில் போட்டுவிட்டால் காயில் போடாதீர்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு தரம் படித்துவிடுங்கள்.

ஆள் கூடினால் மஞ்சளும் அதே கணக்கில் கூடக் கூடாது. மெஸ்ஸில் என்னிடம் இருந்த மாஸ்டர் கும்பகோணம் பக்கத்து ஆள். பத்துப் பேர் சமையலை நூறு பேருக்கு மாற்றும்போது அரிசி, பருப்பு எல்லாம் பத்து மடங்கு போடுவார். மஞ்சளும் பெருங்காயமும் ஏழு மடங்கோடு நிறுத்துவார். அதற்குக் காரணம் கேட்டால் சிரிப்பார். நான் ஒரு நாள் பத்து மடங்கு போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ரசம் மிஞ்சியது.

இப்போது எப்போது போடுவது. மஞ்சளுக்கு இரண்டு ஆகாது. ஒன்று, வேகாமல் பச்சையாக நிற்பது. இன்னொன்று, காய்ந்த எண்ணெயில் நேராக விழுவது. கடைசியில் அடுப்பை அணைக்கும்போது தூவினால் பச்சை வாடை போகாது, அந்த 'மருந்து வாடை' இதுதான். கடுகு வெடிக்கும் எண்ணெயில் நேராகப் போட்டால் பத்து விநாடியில் கருகி, சட்டியோடு ஒட்டி, கசப்பைக் கக்கும். நடுவழி என்னவென்றால் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து இருக்கும் நேரத்தில் போடுவது. குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். வெங்காயம் வதங்கித் தண்ணீர் விடும்போது, தக்காளி குழையும்போது போட்டால் ஈரம் கருகவிடாது, எண்ணெய் நிறத்தையும் மணத்தையும் இழுத்துக்கொள்ளும். பருப்புக்கு முதல் தண்ணீரிலேயே போட்டு, எண்ணெய் சில சொட்டு விடுங்கள். குக்கரில் நுரை பொங்கி விசில் வழியாக வழிவதும் குறையும்.

கோஸ், பீன்ஸ் பொரியலுக்குத் தாளித்து, காயைப் போட்டு, தண்ணீர் தெளிக்கும்போதே மஞ்சளும் விழ வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கிழங்கு வேகும் தண்ணீரில். வாழைக்காய்க்கும் அப்படித்தான்; மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் முக்கால் வேக்காடு வெந்து, வடிகட்டி, பிறகு கல்லில் போட்டு மொறுமொறுவென்று எடுத்தால் உள்ளேவரை நிறம் பிடித்திருக்கும். மேலே தூவி வறுத்தால் எண்ணெய்தான் மஞ்சளாகும்.

எலுமிச்சை சாதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் தள்ளுவண்டியிலிருந்து அம்மா உணவகம்வரை அது இல்லாத இடம் இல்லை, நன்றாகச் செய்பவர்களோ கொஞ்சம்தான். முதலில் சாதத்தை உதிர் உதிராக வடித்து, தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் ஊற்றி ஆறவிடுங்கள். வாணலியில் கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் தாளித்து முடித்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகு பத்து எண்ணி, அந்தச் சூட்டில் மஞ்சள்தூளைப் போடுங்கள். எண்ணெயில் பொன் நிறம் விரியும், கருகாது. உடனே இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து, உப்பும் போட்டு மறுபடி ஒரு கொதி விடுங்கள். பச்சை வாடை அதில் போய்விடும். பிறகு இறக்கி வைத்து, சூடு தணிந்த பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் சாறு கசக்கும், பழி மஞ்சள் மேல் விழும். சாறு பட்டதும் நிறம் இன்னும் பளிச்சென்று ஆவதைப் பார்க்கலாம். மஞ்சளுக்குப் புளிப்பு என்றால் கொண்டாட்டம்.

சோடாதான் அதற்கு எதிரி. பஜ்ஜி மாவில் மஞ்சளும் போட்டு ஆப்ப சோடாவும் கூடிப்போனால் அங்கங்கே சிவப்புத் திட்டு வருமே, பார்த்திருப்பீர்கள். மாவு கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள். சோடா, சுண்ணாம்பு போலக் காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை) உள்ள பொருள் பட்டால் குர்குமின் சிவப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ரத்தச் சிவப்பு வருவது இதே சங்கதி. மஞ்சளிலிருந்து குங்குமம் செய்வதும் இதே சங்கதி. வீட்டில் பாட்டி செய்துகாட்டிய ரசாயனப் பாடம் இது; எனக்குப் பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் காகிதம் காட்டியபோது 'இது எங்க வீட்லயே இருக்கே' என்றுதான் தோன்றியது. பஜ்ஜிக்கு நிறம் வேண்டுமானால் மிளகாய்த்தூள் போதும், மஞ்சள் தேவையே இல்லை.

போடக் கூடாத இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கீரை மசியலில் வேண்டாம், பச்சை மங்கிப் பழுப்பாகும். தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம், வெள்ளைக் குருமா, பீட்ரூட் பொரியல் எதற்கும் வேண்டாம். வத்தக்குழம்புக்குப் பொடியில் இருப்பதே போதும். பருப்புத் தண்ணீர் விட்ட தக்காளி ரசத்துக்குத் தனியாக வேண்டாம். பருப்பே இல்லாத மிளகு ரசத்துக்கு உண்மையான ஒரு சிட்டிகை. வெண்பொங்கலில் போடலாமா என்று கேட்டால் மயிலாப்பூரில் ஒரு சண்டை, சைதாப்பேட்டையில் ஒரு சண்டை வரும். நான் போடுவதில்லை. நெய்யும் மிளகும் இருக்கும் இடத்தில் இன்னொருவர் எதற்கு? ஆனால் அதற்குத் தொட்டுக்கொள்ளும் வடகறியில் மஞ்சள் இல்லாவிட்டால் கடலைப்பருப்பு நெடி தூக்கும். மோர்க்குழம்பு மட்டும் விதிவிலக்கு. அங்கே மஞ்சள் நிறத்துக்காகவே போடுவது, அதில் வெட்கம் இல்லை. அரைத்த விழுதோடு சேர்த்துக் கரைத்து, நுரை கூடியதும் இறக்க வேண்டும். அங்கே வேகும் நேரம் குறைவு என்பதால் அளவு இன்னும் குறைய வேண்டும்.

அசைவம் சமைப்பீர்களா என்று தெரியவில்லை. சமைப்பதானால், சிந்தாதிரிப்பேட்டையிலோ காசிமேட்டிலோ மீன் வாங்கி வந்ததும் மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பிசறி, பத்து நிமிஷம் வைத்துக் கழுவுவார்களே, அது நல்ல பழக்கம். கவிச்சி குறையும். அதில் பாதி வேலை உப்பு செய்வது, மீதியைக் குழம்பில் வரும் புளி செய்துவிடும். மஞ்சள் செய்வது, மிஞ்சிய வாடையை மூடுவது மட்டும்தான். ஆனால் மஞ்சள் தடவியதால் கிருமி செத்தது என்று நினைத்து, கோழிக்கறியை மேடைமேல் இரண்டு மணி நேரம் போட்டுவைக்காதீர்கள். மஞ்சளுக்குக் கிருமியோடு மல்லுக்கட்டும் குணம் கொஞ்சம் உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் சமையல் மேடையில் அது குளிர்சாதனப் பெட்டியின் வேலையைச் செய்யாது. சென்னை வெயில் அதற்குமேல் வேகமாக வேலை செய்யும். காலிபிளவரைக் கொதிநீரில் மஞ்சள், உப்போடு ஐந்து நிமிஷம் போட்டுவைப்பதும் அப்படித்தான். புழு வெளியே வருவது சூட்டுக்கும் உப்புக்கும்.

அடுத்து, எதை வாங்குவது. சமையலுக்கு விரலி மஞ்சள். விரல் போல நீளமாக, கெட்டியாக இருக்கும். உடைத்தால் உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு. குண்டு மஞ்சள் என்பது தாய்க்கிழங்கு, உருண்டையாக இருக்கும், பெரும்பாலும் பூசிக் குளிக்க, பூஜைக்கு. கஸ்தூரி மஞ்சள் வேறு செடி, முகத்துக்குப் போடுவது, குழம்பில் போட்டால் கற்பூர வாடை அடிக்கும். மர மஞ்சள் மஞ்சளே இல்லை, அது ஒரு கொடியின் தண்டு. நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே 'மஞ்சள் கொடுங்க' என்றால் கடைக்காரர் 'எதுக்கு?' என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி கேட்கும் கடையில் வாங்குங்கள்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்துச் சமையலுக்கு அது போதும், அதுவே பொருத்தம். இப்போது சில கடைகளில் மேகாலயாவின் லகடாங் மஞ்சளும் வருகிறது. அதில் குர்குமின் 6, 7 சதவீதத்துக்கும் மேல். விலை கூட, நிறமும் கூட. வாங்கினால் வழக்கமான அளவில் பாதி போடுங்கள், இல்லையென்றால் ரசம் பெயிண்ட் டப்பா போல் ஆகும். குர்குமின் கூட இருப்பதால் ருசி கூட இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நிறம் வேறு, மணம் வேறு என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

ஒரு அனுபவம். ஒரு வருஷம் மஞ்சள் விலை ஏறிக் கிடந்தபோது, ஒரு கடையில் கிலோவுக்கு நல்ல மலிவாகத் தூள் கிடைத்தது. நிறம் என்றால் நிறம், அப்படி ஒரு நிறம். ஒரு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் அரை ஸ்பூன் போதுமாக இருந்தது. லாபம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து மேன்சன் பையன் ஒருவன் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். "அண்ணே, உங்க சாம்பார் கறை போகவே மாட்டேங்குது." சாதாரணமாக மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் சிவக்கும், அலசிவிட்டு ஒன்றிரண்டு நாள் வெயிலில் போட்டால் வெளிறிக் காணாமல் போகும். வெளிச்சம் குர்குமினைத் தின்றுவிடும். இந்தக் கறை சிவக்கவும் இல்லை, வெயிலில் போகவும் இல்லை. மொட்டை மாடியில் மூன்று நாள் காயப்போட்டுப் பார்த்தேன். அப்படியே இருந்தது. மிச்சத் தூளை மாநகராட்சிக் குப்பையில் போட்டுவிட்டு, அவனுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மெஸ்ஸுக்குத் தூள் வாங்கியதே இல்லை.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூளை மேலே தூவிக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் மெல்ல அடியில் படியும், மேல் தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்ததில் தண்ணீர் முழுக்க அடர் மஞ்சளாகிவிடும். மெட்டானில் மஞ்சள் என்ற துணிச் சாயத்தைக் கலப்பது பழைய மோசடி. அதைவிடப் பொல்லாதது ஈய குரோமேட். கிழங்கைப் பளபளப்பாக்க மெருகு போடும்போதே சேர்ப்பார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. வங்கதேசத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்நாட்டு ஆய்வாளர்களும் இதைக் கண்டுபிடித்து 2019இல் வெளியிட்ட பிறகு, அரசு சந்தைகளில் சோதனை போட்டது. அந்த வருஷம் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021இல் ஒன்றுகூட இல்லாமல் ஆனது. நினைத்தால் நிறுத்த முடிகிற சமாச்சாரம் என்று தெரிகிறது. ஈயத்தை டம்ளர் தண்ணீரில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு இருக்கும் கிழங்கை விட்டுவிட்டு, கொஞ்சம் மங்கலாக, தோல் சொரசொரப்பாக இருப்பதை எடுங்கள். பாக்கெட் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும் அரைத்த தேதியும் இருக்கிறதா பாருங்கள். சும்மா பிளாஸ்டிக் கவரில் கட்டித் தொங்கவிட்ட தூள் வேண்டவே வேண்டாம்.

தனி ஆளுக்கு என் யோசனை: சாம்பார்ப் பொடியாகவே அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியா 200 கிராம், மிளகாய் 100, துவரம்பருப்பு 50, கடலைப்பருப்பு 25, மிளகு 15, வெந்தயம் 10, விரலி மஞ்சள் 15 கிராம். மிளகாயையும் தனியாவையும் மஞ்சளையும் மொட்டை மாடியில் ஒரு நாள் நன்றாகக் காயவைத்து, பருப்புகளையும் வெந்தயத்தையும் வறுத்துச் சேர்த்து, மாவு மில்லில் கொடுங்கள். மஞ்சளை முழுதாகக் கொடுக்காமல் அம்மிக் குழவியால், இல்லாவிட்டால் துணியில் சுற்றிச் சுத்தியலால், நாலு துண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். கருங்கல் மாதிரி இருக்கும் அது. அரைக் கிலோவுக்குக் கீழே கொண்டுபோனால் மில்காரர் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை, சிரித்துக்கொண்டே நில்லுங்கள். முன்னால் மெஷினில் என்ன ஓடியது என்று மட்டும் கேட்டுவிடுங்கள். சீயக்காய் என்றால் மறுநாள் வாருங்கள். அரைத்ததைச் செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டிபிடிக்கும். தனி மஞ்சள்தூள் வேண்டுமானால் 50 கிராம் பாக்கெட்டுக்கு மேல் வாங்காதீர்கள். ஜன்னல் பக்கம் கண்ணாடி ஜாடியில் அழகாக வைக்காதீர்கள். மஞ்சள் கறையைத் தின்னும் வெளிச்சம் ஜாடியில் இருப்பதையும் தின்னும்.

பாலுக்கு வருவோம். சளி பிடித்தால் மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொதிக்கவைத்த பால் தொண்டைக்கு இதமாக இருக்கும், நன்றாகத் தூக்கம் வரும். நானும் குடிக்கிறேன். மருந்தா என்று கேட்டால் கணக்கைப் பார்ப்போம். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தால் ரத்தத்தில் அது கண்ணுக்கே தட்டுப்படாத அளவுதான் இருந்தது. மிளகில் இருக்கும் பைப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உடம்பில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. மிளகு போட வேண்டும் என்று பாட்டி சொன்னதற்கு அறிவியல் சான்று என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். சரி. ஆனால் 2 கிராம் குர்குமின் என்பது எவ்வளவு தூள்? 3 சதவீதம் என்று வைத்தால் சுமார் 67 கிராம். டீஸ்பூன் கணக்கில் 22. நீங்கள் பாலில் போடுவது கால் டீஸ்பூன், அதில் குர்குமின் 20 மில்லிகிராம் சொச்சம். நூறில் ஒரு பங்கு. ஆய்வில் வந்த எண்ணை எடுத்து டம்ளர் மேல் ஒட்ட முடியாது. பால் சூடு, மிளகின் காரம், கற்கண்டு, பக்கத்தில் யாராவது போர்த்திவிடுவது, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சுகம்.

கணக்கைக் கேட்டுவிட்டு, 'அப்படின்னா மாத்திரையா சாப்பிட்டா?' என்று போகாதீர்கள். குர்குமின் மாத்திரைகளைத் தினமும் அதிக அளவில் விழுங்கிக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி அமெரிக்காவிலும் இத்தாலியிலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. குழம்பில் விழும் சிட்டிகைக்கு இந்தப் பயம் எதுவும் வேண்டாம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் இரண்டு பேர் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள் தெரியுமா? மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்காரர்கள். நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் பழைய ஆய்வுக் கட்டுரைகளையும் காட்டி வழக்காடி, 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. அடிபட்ட முட்டியில் மஞ்சள் பற்றுப் போடுவதற்கு ஆதாரம் தேடி அலைந்த கதை அது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தை பிறந்தால் கோயம்பேட்டில் கரும்போடு மஞ்சள் கொத்து மலைபோல் குவியும். பானையில் கட்டிப் பொங்கல் வைத்து, கனுவன்று இலையில் பிடி வைத்து முடிந்ததும் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கொத்து வாடி, குப்பைக்குப் போகிறது. எடுத்து வையுங்கள். அந்தப் பச்சை மஞ்சளின் வாசனைக்கு எந்தப் பாக்கெட்டும் கிட்ட வராது, ஏனென்றால் வேகவைக்காமல், காயவைக்காமல் எண்ணெய் முழுக்க அப்படியே உள்ளே இருக்கிறது. தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மா இஞ்சியும் இஞ்சியும் அதே அளவு சேர்த்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் பச்சை மிளகாயும் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம். தாளிக்கக்கூட வேண்டாம். நறுக்கும்போது கையில் பிளாஸ்டிக் உறை போடுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்துக்கு அலுவலகத்தில் எல்லோரும் கல்யாணமா என்று கேட்பார்கள். பச்சைக் கிழங்கில் தண்ணீர்தான் அதிகம் என்பதால் குழம்பில் துருவிப் போடும்போது தூளைவிட மூன்று நாலு மடங்கு கொள்ளும். இலையையும் விடாதீர்கள். கொழுக்கட்டை மாவைத் தட்டி, வெல்லமும் தேங்காயும் வைத்து, மஞ்சள் இலையில் மடித்து ஆவியில் வைத்தால் அந்த இலையின் மணம் முழுக்க மாவில் இறங்கியிருக்கும். கொங்கணிக்காரர்கள் நாகபஞ்சமிக்கு இப்படிச் செய்வதைப் படோளி என்பார்கள்.

கிழங்கில் ஒன்றிரண்டை மட்டும் சாப்பிடாமல், நிழலில் மணலில் புதைத்து வையுங்கள். சித்திரை வெயிலில் தானாக முளை விடும். வைகாசியில் பால்கனித் தொட்டியில் நட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் ஐப்பசி மழையில் இலை இடுப்பளவு நிற்கும். எட்டு ஒன்பது மாதப் பயிர். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொத்தோடு பிடுங்கி அம்மா கையில் கொடுங்கள்.